ஐ.பி.எஸ்.ஸுக்கு ஹிப்னோதெரபி: உள்ளே என்ன நடக்கும், எத்தனை சிட்டிங், யாரை நம்புவது?

கன்னங்குறிச்சி_கதிர்:

வீட்டம்மாவுக்கு ரெண்டு வருஷமா ஐ.பி.எஸ். போலீஸ் ஐ.பி.எஸ். இல்லைங்க, குடல் ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், எரிச்சல் குடல்). வயிற்றுப்போக்கு வகை. ஏற்காடு பஸ் ஏறணும்னாலே முந்தின நாள் ராத்திரியே வயிறு கலக்க ஆரம்பிச்சிடும். இருபது கொண்டை ஊசி வளைவு, நடுவுல எங்க இறங்குறதுங்கிற பயம். மாத்திரை பாதிதான் கேட்குது. குடல் டாக்டர் சீட்டுலயே "ஹிப்னோதெரபி முயற்சிக்கலாம்"னு, அதாங்க ஹிப்னாடிசம் வழியா சிகிச்சை, எழுதிக் கொடுத்துட்டார்.

இப்போ வீட்டுல பஞ்சாயத்து. அம்மா "வசியம் பண்றவன்கிட்டயா மருமகளை அனுப்புறே"ங்கிறாங்க. விளம்பரத்துல ஒருத்தர் ஒரே சிட்டிங்ல தீர்த்துத் தர்றேங்கிறார். இன்னொருத்தர் ஏற்காட்டுல ரெண்டு நாள் முகாம், பூர்வ ஜென்மம் வரைக்கும் போய் வயிற்று வலிக்குக் காரணம் கண்டுபிடிக்கலாம்ங்கிறார்.

தெரிஞ்சவங்க சொல்லுங்க: இது தூக்கமா, மயக்கமா? ரகசியத்தை எல்லாம் உளறிடுவாங்களா? எத்தனை தடவை போகணும், உள்ள என்னதான் செய்வாங்க? யூடியூப் ஆடியோ போதாதா? அந்த நிலைக்குள்ள "போகவே மாட்டேங்குது"ன்னா என்ன பண்றது?

*

மனசு_மருந்து:

கதிர் சார், அம்மாவோட பயத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா பாதிப் பேர் அங்கேயே நின்னுடுறாங்க.

இது தூக்கம் இல்லை. மூளை அலையை எடுத்துப் பார்த்தா விழிப்பு நிலையோடதான் ஒத்துப் போகும். கவனம் ஒரே இடத்துல குவியுது, சுத்தி நடக்கிறது பின்னால போகுது, சொல்ற யோசனைக்கு உடம்பு சட்டுனு இசைஞ்சு கொடுக்குது. அவ்வளவுதான். சீரியல் கிளைமாக்ஸ்ல இருக்கிறவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா காதுல விழாது பாருங்க, அதுக்குப் பக்கத்து வீடு. பேசுறது முழுக்கக் கேட்கும், சொல்ல விரும்பாததைச் சொல்லாம இருக்க முடியும், வேண்டாம்னா கண்ணைத் திறந்து எழுந்து வந்துடலாம். ரகசியம் உளறும்ங்கிற பேச்சு நார்கோ அனாலிசிஸ்ல இருந்து ஒட்டிக்கிட்டது. அது போலீஸ் விசாரணைக்காக ஊசி மருந்து போட்டுச் செய்ற வேற சமாச்சாரம். ஒருத்தர் சம்மதம் இல்லாம அதைச் செய்யக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2010-லேயே சொல்லியாச்சு.

உள்ளே நடக்கிறது. முதல் சிட்டிங்ல பெரும்பாலும் பேச்சுதான், ஒரு மணி நேரம் ஆகும். எப்போ வலி, எதைத் தின்னா, எந்தப் பயணத்துக்கு முன்னாடி, தூக்கம் எப்படி, வேற மனநல மருந்து ஏதாவது உண்டான்னு கேட்பாங்க. கூடவே குடலும் மூளையும் எப்படிப் பேசிக்குதுன்னு படம் போட்டு விளக்கணும். இதைக் கேட்காம நேரா "கண்ணை மூடுங்க"ன்னு ஆரம்பிக்கிறவர்கிட்ட இருந்து பர்ஸை எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

ரெண்டாவதுல இருந்து 45 நிமிஷக் கணக்கு. கை வைத்த நாற்காலி, தலைக்குச் சாய்மானம், கால் மேல கால் போடாம தரையில. கான்டாக்ட் லென்ஸ் இருந்தா கழட்டிடணும். பாத்ரூம் போயிட்டு வந்து உட்காரணும், ஐ.பி.எஸ். காரங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை, அந்தக் கவலை இருந்தா கவனம் குவியவே குவியாது. ஒரு மெல்லிய போர்வை, ஏன்னா பத்து நிமிஷத்துல உடம்பு சிலுசிலுன்னு ஆகும்.

அப்புறம் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேல ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்வாங்க. மேல பார்த்துக்கிட்டே இருந்தா இமை யாருக்கா இருந்தாலும் களைக்கும். அப்படிக் களைக்கிற அந்த நொடியிலதான் "கண்ணு கனக்குது பாருங்க"ன்னு சொல்லணும். சூட்சுமமே இங்கதான்: ஏற்கனவே நடக்கிறதைச் சொல்லி, அடுத்து நடக்க வேண்டியதை அதுல கோக்கிறது. இமை படபடக்கிறதுக்கு முன்னாடியே கனக்குதுன்னு சொன்னா, "இல்லையே"ன்னு மனசு ஒரு பதில் வச்சிருக்கும். அதுக்கப்புறம் சொல்ற எதுக்கும் அதே பதில்தான்.

கண் மூடினதும் ஆழப்படுத்துறது, எண்ணிக்கிட்டே படி இறங்குற மாதிரி. இது வரைக்கும் பத்து நிமிஷம். அடுத்த 15, 20 நிமிஷம் குடலுக்கான சஜஷன், அதாவது மனசுல பதியச் சொல்ற யோசனை. உள்ளங்கை ரெண்டையும் அடிவயித்துல வச்சு, அந்தச் சூடு மெல்ல உள்ளே இறங்குறதா உணர வைப்பாங்க. அது பிடிபட்டதும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துற ஒரு காட்சி. உங்க வீட்டம்மாவுக்கு வயிற்றுப்போக்கு வகைன்னா மேட்டூர் அணை நல்லாப் பொருந்தும்: தண்ணி திமுதிமுன்னு வருது, கையில மதகு இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா இறக்குறாங்க, கீழ போற தண்ணி தெளிஞ்சு நிதானமாகுது. மலச்சிக்கல்காரங்களுக்கு இதே காட்சியைத் திருப்பிப் போடணும். வகை கேட்காம எல்லாருக்கும் ஒரே கேசட் ஓட்டுறவர்கிட்ட இங்கதான் தப்பு நடக்குது. சாக்கடை கலந்து ஓடுற நம்ம திருமணிமுத்தாற்றை மட்டும் கற்பனை பண்ணச் சொல்லிடாதீங்க, குமட்டிக்கிட்டு வந்துடும்.

கடைசி 5 நிமிஷம் திரும்பக் கொண்டு வர்றது. ஒண்ணுல இருந்து அஞ்சு வரை, அவசரமே இல்லாம. கை கனக்குது, கால் கனக்குதுன்னு முன்னாடி சொன்னதை எல்லாம் பேர் சொல்லித் திரும்ப எடுக்கணும். எடுக்காம விட்டா தலைபாரம், மந்தம்னு சாயங்காலம் வரை இழுக்கும்.

மொத்தம் எத்தனை? அமெரிக்காவுல வட கரோலினாவுல உருவான முறையில 7 சிட்டிங், ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. இங்கிலாந்தோட மான்செஸ்டர் முறையில 12 வரை. நடுவுல வீட்டுல வாரம் அஞ்சு நாள், 15-20 நிமிஷம் ஆடியோ கேட்டுப் பழகணும். வீட்டுப் பழக்கத்தை விட்டவங்களுக்குச் சிட்டிங் கூட்டியும் பெருசா நகராது.

*

ஓமலூர்_மருத்துவன்:

சிட்டிங் கணக்குக்கு முன்னால் ஒரு கேள்வி: ஐ.பி.எஸ். தான் என்று யார், எதை வைத்து முடிவு செய்தார்கள்?

ஐ.பி.எஸ்.ஸைக் கண்டறிய டாக்டர்கள் பயன்படுத்தும் ரோம் 4 அளவுகோலின்படி, கடந்த 3 மாதத்தில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பது, எத்தனை தடவை என்பது மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டோடு தொடர்பு கொண்டிருக்க வேண்டும். தொடங்கி 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். முழு ரத்தப் பரிசோதனை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., தைராய்டு, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான டி.டி.ஜி., குடல் அழற்சியைக் காட்டும் மலக் கால்ப்ரொடெக்டின் ஆகியவை பார்த்தாகிவிட்டதா என்று கோப்பைப் புரட்டுங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, காய்ச்சல், குடும்பத்தில் குடல் புற்றுநோய், ஐம்பதை ஒட்டிய வயதில் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு: இதில் ஒன்று இருந்தாலும் நாற்காலியில் சாய்வதற்கு முன் குடல் டாக்டரிடம் திரும்பப் போக வேண்டும்.

இதே காரணத்துக்காகத்தான் "இனி உங்களுக்கு வயிறு வலிக்கவே வலிக்காது" என்ற சஜஷனை நான் ஏற்பதில்லை. நாளைக்குக் குடல்வால் வீங்கினால் அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா? "பழைய, பழகிப்போன அந்த இழுப்பு தளர்கிறது, புதிய வலி வந்தால் கவனிப்பேன்" என்று சொல்ல வேண்டும். இன்னொன்று, மனம் "வலிக்காது" என்பதில் "வலி"யைத்தான் முதலில் பிடிக்கும். இளஞ்சூடு, தளர்வு, நிதானம் என்று வேண்டியதையே சொல்வது நல்லது.

பலன் எவ்வளவு? மான்செஸ்டரில் 1984-ல் 30 பேரை வைத்துச் செய்த முதல் ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதே குழு 2003-ல் 204 பேரைப் பின்தொடர்ந்து, 71 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்ததாகவும், அவர்களில் 81 சதவீதம் பேருக்கு அது நிலைத்ததாகவும் சொன்னது. விளம்பரங்களில் இந்த 71 தான் வரும். அது இதற்கென்றே இயங்கும் மையம், ஒப்பீட்டுக் குழு கிடையாது. நெதர்லாந்தில் 354 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு 2019-ல் வந்தது: மூன்றாம் மாதத்தில் "போதுமான நிவாரணம்" என்றவர்கள் தனிச் சிட்டிங்கில் சுமார் 40 சதவீதம், குழுச் சிட்டிங்கில் 33, வெறும் விளக்க வகுப்பில் 17. வீட்டில் எதிர்பார்ப்பை இந்த 40-ல் வையுங்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸும் 12 மாதம் மருந்து கேட்காதவர்களுக்குத்தான் இதை யோசிக்கச் சொல்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

*

சேர்வராயன்:

பூர்வ ஜென்ம முகாமுக்கு வருவோம். மலைக்காற்றும் காபித் தோட்டமும் இலவச இணைப்பு. விற்கிற சரக்கு வேறு.

ஹிப்னாஸிஸில் நினைவு துல்லியமாகாது. கற்பனை வளம் கூடும், கூடவே "இது நிஜம்" என்ற உறுதியும் கூடும். ஆபத்தான கூட்டு இது. "இன்னும் பின்னால் போங்கள், யார் தெரிகிறார்கள்?" என்று கேட்டால் யாராவது தெரியத்தான் செய்வார்கள், ராஜாவாகவோ, கிணற்றில் விழுந்த பெண்ணாகவோ. அதோடு நின்றால் கதை. "சின்ன வயதில் உங்களை யார் என்ன செய்தார்?" என்று அதே குரலில் கேட்டால், நடக்காத ஒன்றுக்கு ஒரு சித்தப்பாவின் முகம் ஒட்டிக்கொண்டு குடும்பமே உடையும். வயிற்றுப்போக்குக்குக் காரணம் தேடிப் பின்னால் போக வேண்டிய அவசியமே இல்லை. மேலே சொன்ன 7 சிட்டிங் முறையில் எந்த இடத்திலும் பழைய நினைவைத் தோண்டுவது கிடையாது.

வசியம் என்ற பயத்துக்கும் வயசு அதிகம். மெஸ்மர் என்ற டாக்டர் பாரிஸில் "உயிர்க் காந்தம்" என்று ஊரைக் கூட்டியபோது, அதை ஆராய 1784-ல் பிரெஞ்சு அரசர் ஒரு குழு போட்டார். பெஞ்சமின் பிராங்க்ளின், லவாய்சியே போன்ற விஞ்ஞானிகள் எல்லாம் அதில் இருந்தார்கள். பிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்குக் காந்தம் ஏற்றிவிட்டு, கண்ணைக் கட்டிய 12 வயதுப் பையனை மரம் மரமாகக் கட்டிப்பிடிக்க வைத்தார்கள். நாலாவது மரத்தில் பையன் மயங்கி விழுந்தான். காந்தம் ஏற்றிய மரமோ தள்ளி நின்றது! கற்பனைதான் வேலை செய்கிறது என்று குழு எழுதிவிட்டு எழுந்து போனது. கற்பனைக்கு ஒருவனைக் கீழே தள்ளும் பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விட்டார்கள்.

கேட்டவர் நம்ம பக்கத்து ஆள், கோவாவின் காண்டோலிமில் 1756-ல் பிறந்த அபே ஃபாரியா என்ற பாதிரியார். 1813-ல் பாரிஸில் பாடம் நடத்தி, சக்தி செய்பவரின் கையில் இல்லை, உட்கார்ந்திருப்பவரின் மனதில்தான் இருக்கிறது என்றார். பனாஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. அம்மாவிடம் இந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கள் கதிர்: வசியம் பண்ணுகிறவர் என்று ஒருவர் கிடையாது. ஹிப்னாடிசம் என்ற பெயரே அதற்குப் பிறகு, 1840-களில் மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்டு என்ற சர்ஜன் தூக்கத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. தூக்கம் இல்லை என்று அவருக்கே பின்னால் உறைத்துப் பெயரை மாற்றப் பார்த்தார், ஊர் கேட்கவில்லை. அந்தப் பெயரின் கோளாறுதான் இன்றைக்கும் நாம் "தூக்கமா, மயக்கமா" என்று கேட்டுக்கொண்டிருப்பது.

*

கன்னங்குறிச்சி_கதிர்:

ரொம்ப நன்றிங்க. டி.டி.ஜி. தவிர மத்த டெஸ்ட் எல்லாம் கோப்புல இருக்கு, அதையும் எடுத்துடறோம். ரெண்டு சந்தேகம். வீட்டம்மா ஒரு தமிழ் ஆடியோ போட்டுப் பார்த்தாங்க. ஒண்ணு, அதுல "மலைப்பாதையில் இறங்குகிறீர்கள், ஒவ்வொரு வளைவிலும் இன்னும் ஆழமாக"ன்னு வருது, நாலாவது வளைவுலயே எழுந்து உட்கார்ந்துட்டாங்க. ரெண்டு, "தங்கள் கண்ணிமைகள் கனக்கின்றன"ன்னதும் சிரிப்பு வந்துடுச்சாம். இவங்க "போகாத" ஆளுங்களா?

*

மனசு_மருந்து:

போகாத ஆள் இல்லை சார், அந்த ஆடியோ அவங்களுக்குத் தைச்ச சட்டை இல்லை. பஸ்ல வயிறு கலங்குறவங்களைக் கண்ணை மூடி வளைவு வளைவா இறக்கினா கலங்கத்தானே செய்யும்? நாலாவது வளைவுலேயே எழுந்துட்டாங்கன்னா கற்பனை நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம், எனக்கு அது நல்ல சகுனம். ஆழப்படுத்துறதுக்கு வீட்டு மொட்டை மாடிப் படியோ, ஏற்காடு ஏரிக்கரையில நேரா நடக்கிறதோ போதும். ஆனா அந்த வளைவுகளைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அஞ்சாவது, ஆறாவது சிட்டிங்ல, மதகு காட்சி கைக்கு வந்ததுக்கப்புறம் அதையே ஒத்திகையா வைக்கணும்: அடிவாரத்துல பஸ் ஏறுறாங்க, கை வயித்துல, முதல் வளைவு, சூடு இறங்குது, மதகு இறங்குது, ரெண்டாவது வளைவு. கலக்கம் 10-க்கு 4 தாண்டினா பஸ்ஸை அங்கேயே நிறுத்தி வச்சுட்டு, தளர்ந்ததும் திரும்ப எடுக்கணும். அப்புறம் நிஜ பஸ்ல அடிவாரம் வரை ஒரு நாள், பாதி மலை வரை இன்னொரு நாள்.

மொழி விஷயம் நிறைய பேருக்குப் புரியறதே இல்லை. "தங்கள் கண்ணிமைகள் கனக்கின்றன"ன்னா ஆகாசவாணி செய்தி மாதிரி காதோட நின்னுடும். உடம்பு வீட்டுத் தமிழுக்குத்தான் கேட்கும். "கண்ணு கனக்குது... இமை ஒட்டிக்கிச்சு... அப்படியே விட்டுடுங்க..." இப்படி, மூச்சு வெளியே போறப்போ சொல்லை முடிக்கணும். "தூங்குங்க"ங்கிற வார்த்தையைத் தவிர்க்கணும். சொன்னா சிலர் நிஜமாவே தூங்கிக் குறட்டை விடுவாங்க, அதுல சஜஷன் ஏறாது. தமிழ்ல சொல்ல வராத தெரபிஸ்ட்னா, உங்க வீட்டம்மாவையே நாலு வாக்கியம் அவங்க பேச்சுல எழுதித் தரச் சொல்லுங்க, அதையே திருப்பிப் படிக்கலாம்.

இன்னொண்ணு நேரா கேட்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்களுக்குச் சாமி வருமா? கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுல உடுக்கை, பம்பைச் சத்தம் கேட்டா அருள் வர்றவங்க நம்ம ஊர்ல கணிசம். அது நோய் இல்லை, அவங்க வழிபாடு. ஆனா தெரபிஸ்ட்டுக்குத் தெரிஞ்சிருக்கணும்; அம்மன் காட்சி, மேளச் சத்தம் பின்னணியில வச்சா சிட்டிங் திசை மாறிப் போகும்.

ஆளுக்கு ஆள் இந்தத் திறன் மாறும்ங்கிறது உண்மைதான். ஸ்டான்போர்டு அளவுகோல்னு 12 சோதனை உண்டு. நீட்டின கை தானா இறங்குறது, இல்லாத கொசு காதுல ரீங்காரம் போடுறதுன்னு இருக்கும். பத்துல ஒருத்தர் ரொம்ப சுலபம், பத்துல ஒருத்தர் ஏறக்குறைய அசையவே மாட்டார், மத்தவங்க நடுவுல. குடல் சிகிச்சைக்கு நடுத்தரமே போதும். நாலு சிட்டிங், ஒழுங்கான வீட்டுப் பயிற்சி, அப்பவும் உள்ளங்கைச் சூடுகூட உணர வரலைன்னா வேற வழி பார்க்கலாம்; சி.பி.டி.ன்னு பேச்சு சிகிச்சைக்கும் ஐ.பி.எஸ்.ல ஆதாரம் இருக்கு. அப்படிப்பட்டவங்களை "எதிர்க்கிறாங்க"ன்னு பழி போட வேண்டாம்.

*

அம்மாபேட்டை_சிஸ்டர்:

யாரிடம் போவது என்பதை யாரும் சொல்லவில்லையே. "ஹிப்னோதெரபிஸ்ட்" என்று போர்டு வைக்கத் தனிப் பதிவு எதுவும் தேவைப்படுவதில்லை. 2003-ல் மத்திய சுகாதார அமைச்சகம் தகுந்த பயிற்சி பெற்றவர் செய்யலாம் என்றது. அந்த ஆணையின் நகலைத்தான் பல இடங்களில் பிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். அதை வைத்து டாக்டர் என்று போட்டுக்கொள்ள முடியாது. மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண், இரண்டையும் இணையத்தில் சரிபார்க்கலாம். அதற்கப்புறம்தான் ஹிப்னாஸிஸ் பயிற்சி எங்கே, எத்தனை நாள் என்ற கேள்வி. ஹிப்னாஸிஸ் இல்லாமலும் இந்தத் தொந்தரவைக் கையாளத் தெரிந்தவரா என்று பாருங்கள்.

போனில் கேட்க வேண்டியது: ஐ.பி.எஸ். நோயாளிகளை முன்பு பார்த்திருக்கிறீர்களா, மொத்தம் எத்தனை சிட்டிங், எந்தச் சிட்டிங்கில் பலனில்லை என்று நிறுத்துவீர்கள், என் குடல் டாக்டருக்குக் கடிதம் எழுதுவீர்களா, வீட்டார் ஒருவர் கூட இருக்கலாமா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தால் போக வேண்டாம். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்டாலும் அப்படியே. முதலில் செலவில்லாமல் கேட்டுப் பார்க்க, சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காலையிலேயே சீட்டுப் போடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-லும் யாரைப் பார்க்கலாம் என்று தமிழில் கேட்கலாம்.

காதில் குரல் கேட்பது, அதீத சந்தேகம், மேனியா (கட்டுமீறிய உற்சாகம்) மாதிரி நிலை இருப்பவர்களுக்கு மனநல மருத்துவர் பார்க்காமல் இதைத் தொடவே கூடாது. வலிப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிட்டிங் நடுவில் திடீரென்று அழுகை வரலாம், அது அபூர்வமும் இல்லை, ஆபத்தும் இல்லை. உலுக்கி எழுப்பாமல் "நாற்காலியில இருக்கீங்க, கால் தரையில இருக்கு" என்று நிகழ்காலத்துக்குக் கொண்டு வரத் தெரிந்திருக்க வேண்டும்.

தினம் ஒரு சின்ன நோட்டு: வலி 0 முதல் 10 வரை, மலத்தின் கெட்டித்தன்மையை எண்ணால் குறிக்கும் பிரிஸ்டல் அட்டவணையில் 1 முதல் 7-ல் எந்த எண், எத்தனை தடவை, ஆடியோ கேட்டாரா. ஆரம்பிப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே எழுதுங்கள். இல்லையென்றால் பிற்பாடு எதோடு ஒப்பிடுவது?

யூடியூப் ஆடியோ வேண்டாம் என்று சொல்லமாட்டேன், சிட்டிங்கில் பதிவு செய்து தருவதுதான் சரி. எதுவானாலும் வண்டி ஓட்டும்போது காதில் மாட்டக்கூடாது. சிட்டிங் முடிந்ததும் தண்ணீர் குடித்து, பதினைந்து நிமிடம் நடந்துவிட்டுக் கிளம்புங்கள். ஸ்கூட்டியை அன்றைக்கு நீங்களே ஓட்டுங்கள் கதிர், அவரைப் பின்னால் உட்கார வையுங்கள்.